பதினோராயிரம் சாபம்

வெட்கம் என்று ஒன்று இருந்திருந்தால் அந்தப் பையன் வேறு பிழைப்புத் தேடியிருப்பான் என்பதுதான் பழனாத்தாளின் முடிவு. கை கால் நன்றாக இருக்கிறது, பேச வாய் இருக்கிறது, முதுகில் மூட்டை சுமக்கத் தெம்பும் இருக்கிறது. திருப்பூரில் அது போதும். காலையில் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவன் மத்தியானம் ஏதாவது ஒரு கம்பெனியில் பண்டல் தூக்கிக்கொண்டிருப்பான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பாஷை தெரியாமல் வந்து இறங்குகிறவர்களே அப்படித்தான் சோறு தின்கிறார்கள். இவன் என்னடாவென்றால் ஒரு குச்சியின் முனையில் போனை மாட்டிக்கொண்டு, 'வணக்கம் மக்களே' என்று ஊர் ஊராகப் போய், கண்ணில் படுகிற மனுசர்களைப் படம் பிடித்துப் போட்டுத் தின்கிறான். சேனலுக்குப் பெயர் 'செருப்புக்கால் பரணி'. காலில் போட்டிருந்தது விலை கூடிய ஷூ.

பழனாத்தாளின் வீட்டுக்காரர் நஞ்சப்பனுக்குக் காதர்பேட்டையில் பனியன் கடை. அவர் அப்பா காலம் வரை தறி. இப்போது பனியனும் ட்ராக் பேண்டும் மொத்த வியாபாரம். ஒரே பையன் வேல்குமார். இருபத்தாறு வயது. போன ஆடி மாதம் அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் சரக்குப் பார்த்துவிட்டு வண்டியில் திரும்பியவனைப் பல்லடம் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி தட்டிவிட்டுப் போய்விட்டது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கண் திறக்கவில்லை. மூளை வீங்கிவிட்டது என்று மண்டை ஓட்டில் ஒரு துண்டை அறுத்து எடுத்து வைத்தார்கள். அதை ஆறு மாதம் கழித்துத் திரும்ப வைப்போம், அதுவரை உயிர் இருந்தால், என்று ஒரு சின்ன டாக்டர் வாய்தவறிச் சொல்லியும்விட்டார்.

அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து பழனாத்தாள் வேண்டிக்கொண்டாள். பழனியாண்டவா, பையனைக் கொடுத்துவிடு, மடிப்பிச்சை எடுத்து உன் உண்டியலில் போடுகிறேன். மூன்றாம் நாள் வேல்குமார் கண் திறந்து, தண்ணீர் வேண்டும் என்றான்.

மடிப்பிச்சை என்றால் இந்தப் பக்கம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். உயிர் போகிற நேரத்தில் சாமியிடம் வேண்டிக்கொண்டவர்கள், நாலு கம்பெனிக்கு முதலாளியாகவே இருந்தாலும், மஞ்சள் துணி கட்டி, செருப்பில்லாமல் தெருவில் இறங்கி முந்தானையை ஏந்திப் பிச்சை கேட்பார்கள். கிடைப்பது சாமிக்கு. எனக்கென்று ஒன்றும் இல்லை, எல்லாம் நீ போட்டது என்று தலை குனிகிற காரியம் அது. பழனாத்தாள் வீட்டு வழக்கத்தில் இன்னொரு கட்டு உண்டு: தெரிந்தவர்களிடம் கேட்கக் கூடாது. முகம் தெரியாத வாசலில்தான் நிற்க வேண்டும். காதர்பேட்டையில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. அதனால் தை கடைசிச் செவ்வாய்க்கிழமை வீரபாண்டிப் பக்கம் போனாள்.

நல்லபடியாகத்தான் நடந்தது. ஐந்து வீட்டில் அரிசி போட்டார்கள். ஒரு மளிகைக்கடைக்காரர் எழுந்து நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுப் பதினோரு ரூபாய் போட்டார். சாயப் பட்டறைக் காம்பவுண்டில் குடியிருந்த வடநாட்டுப் பெண் ஒருத்தி விஷயம் புரியாமல் ஒரு சப்பாத்தியைக் கொண்டுவந்து வைத்தாள். அதையும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள் பழனாத்தாள். அப்போதுதான் எதிரே குச்சியும் போனுமாக அந்தப் பரணி வந்து நின்றான். சாயத் தண்ணீர் ஓடுகிற சாக்கடையைப் படம் பிடிக்க வந்தவன். சாக்கடையைவிட இவள் நன்றாக ஓடுவாள் என்று அங்கேயே கணக்குப் போட்டிருக்கிறான்.

ரெண்டு வார்த்தை பேசலாமா அம்மா என்று கேட்டான். ஒருத்தர் மரியாதையாகக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு வராது. நின்றாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

எத்தனை பிள்ளைகள் என்று கேட்டான். ஒரே பையன் என்றாள். பையன் என்ன பண்ணுகிறார் என்றான்.

"ஊட்டுல படுத்துக் கெடக்கறானுங்க," என்றாள்.

லாரி தட்டியதைச் சொன்னாள், பதினாறு நாளைச் சொன்னாள், வேண்டுதலைச் சொன்னாள். இந்த மாதம் பதினெட்டாம் தேதி எலும்பைத் திரும்ப வைக்கப் போகிறார்கள் என்பதையும் சொன்னாள். யாருக்காக அம்மா பிச்சை எடுக்கிறீர்கள் என்று கடைசியாகக் கேட்டான். அதைத்தானே இத்தனை நேரம் சொன்னேன் என்று அவளுக்கு ஆச்சரியம். இருந்தாலும் சொன்னாள்.

"அவனுக்காகத்தானுங்க எடுக்கறேன்."

சூப்பர்மா என்றான். பிறகு ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து அவள் முந்தானையில் போட்டான். வெளிச்சம் சரியில்லை என்று திரும்ப எடுத்துத் திரும்பப் போட்டான். மூன்றாவது தடவை போட்டபோது தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். போனை அணைத்ததும் அந்த நோட்டை எடுத்து மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, தப்பா நினைச்சுக்காதீங்கம்மா என்று ஒரு பத்து ரூபாயைப் போட்டுவிட்டுப் போனான். சாமிக்கென்று விழுந்ததைத் திருப்பி எடுக்கிற ஒருத்தனை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். பாவம், ஊர் போய்ச் சேரக் காசு இருக்காது போல என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததற்காக அவள் பிறகு தன்னையே எத்தனை தடவை ஏசிக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

இரண்டு நாள் கழித்து, கடையில் பண்டல் கட்டுகிற சீனியம்மாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. ஊரிலிருந்து அவள் தங்கச்சி இதை அனுப்பி, உங்க திருப்பூர்ல இப்படியும் ஒரு மகன் இருக்கானா என்று கேட்டிருக்கிறாள். படத்தின் மேலே சிவப்பு எழுத்தில், 'பெத்த தாயைப் பிச்சை எடுக்கவிட்டு வீட்டில் படுத்துக் கிடக்கும் மகன்' என்று போட்டிருந்தது. பின்னால் புல்லாங்குழல் அழுதது.

ஒரு நிமிஷம்கூட இல்லாத படம். மஞ்சள் சேலையும் வேண்டுதல் கோலமும் தெரியக் கூடாதென்று கழுத்துக்குக் கீழே நறுக்கியிருந்தான். நெற்றித் திருநீறு வெளிறித் தெரிகிற மாதிரி நிறத்தை மாற்றியிருந்தான். பையன் என்ன பண்ணுகிறார் என்று கேட்கிறான். ஊட்டுல படுத்துக் கெடக்கறானுங்க என்கிறாள். யாருக்காக எடுக்கிறீர்கள் என்கிறான். அவனுக்காகத்தானுங்க எடுக்கறேன் என்கிறாள். நடுவில் இருந்த லாரியும் ஆஸ்பத்திரியும் பழனியும் காற்றில் போயிற்று. அவள் வாயிலிருந்து வராத ஒரு வார்த்தையைக்கூட அவன் சேர்க்கவில்லை. பொய் சொல்கிறவனுக்காவது பொய்யை யோசிக்கிற சிரமம் இருக்கிறது. இவன் அதைக்கூடப் படவில்லை.

ஏழு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. சீனியம்மாள் தள்ளத் தள்ள வந்தது. நாசமாப் போவான். விளங்கவே மாட்டான். பெத்தவ கண்ணீர் சும்மா விடாது, இவன் நாதியத்துச் சாவான். இவனெல்லாம் இருந்து என்ன புண்ணியம், போய்ச் சேரட்டும். அக்கறையாக அழுகிற பொம்மைகளும் கும்பிடுகிற கைகளும் இடையிடையே. எல்லாம் அவள்மேல் இருக்கிற இரக்கம். அத்தனை இரக்கத்தையும் ஒன்றாகத் திரட்டி அவள் பையன்மேல் சாபமாகக் கொட்டியிருந்தார்கள்.

வேல்குமார் அவனாகவே பார்த்துவிட்டான். முதலில் சிரித்தான். என்னமா நடிச்சிருக்கீங்கம்மா என்றுகூடக் கிண்டல் பண்ணினான். பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கப் படித்தான். சாயங்காலம் தட்டில் வைத்த தோசை அப்படியே இருந்தது. உடுங்கம்மா, யாரோ என்னமோ எழுதறாங்க என்றான். தலையில் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம். அதை மறைக்க வீட்டுக்குள்ளும் தொப்பி போட்டிருப்பான். அன்றைக்கு அந்தத் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சாபம், திருஷ்டி எல்லாம் மூட நம்பிக்கை என்கிறவர்களோடு பழனாத்தாள் சண்டைக்குப் போக மாட்டாள். அவர்கள் படித்தவர்கள், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவள் ஒருத்தி கும்பிட்டதற்கே பையன் கண் திறந்தான் என்று நம்புகிறவள், ஆயிரக்கணக்கான பேர் கூடிச் சபித்தால் ஒன்றும் ஆகாது என்று எப்படி நம்புவாள்? ஒரு வாய் கேட்டதைக் கொடுத்த சாமிக்கு இத்தனை வாய் கேட்பது காதில் விழாதா? பதினெட்டாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் அந்தப் படம் போயாக வேண்டும், அதற்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் போயாக வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம்.

நஞ்சப்பன் அந்தப் படத்துக்குக் கீழேயே உண்மையை எழுதினார். அழித்துவிட்டான். நாலு முறை எழுதினார், நாலையும் அழித்தான். ஐந்தாவது முறை எழுத முடியாதபடி அடைத்துவிட்டான். பொய்க்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறவன் உண்மைக்கு மட்டும் எப்படிப் பூட்டுப் போடுகிறான் என்று மனுசன் தலையில் அடித்துக்கொண்டார். போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நம்பர் தந்து, பதினைந்து நாளாவது ஆகும் என்றார்கள். படம் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டியது. சாபம் பதினோராயிரத்துச் சொச்சம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நஞ்சப்பன் கடையிலிருந்து போன் பண்ணினார். அந்தப் பையன் காதர்பேட்டையிலேயே நிற்கிறான், நம் கடைச் சந்தின் முனையிலேயே நிற்கிறான் என்றார். பின்னே? திருப்பூருக்கு வருகிற இந்த ஜாதி ஒன்றுகூடக் காதர்பேட்டையில் நின்று, மலிவு விலை டி-ஷர்ட் மக்களே என்று கத்தாமல் ஊர் போனதில்லை. பழனாத்தாள் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.

நடந்து போகிற வழியெல்லாம் அவனுக்காக ஒரு மன்னிப்பைத் தயாராகவே வைத்திருந்தாள். பட்டணத்துப் பையன், வழக்கம் தெரியாதவன், ஏதோ புரியாமல் செய்துவிட்டான் என்று சொன்னால் போதும், அழித்துவிடு கண்ணு என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஒரு கடை வாசலில் குவித்திருந்த பனியன் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு அவன் பேசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

அம்மா, நீங்க எங்கேயோ போயிட்டீங்கம்மா, பன்னிரண்டு லட்சம் என்றான். தேர்வில் அவள் ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

"ஏனுங்க தம்பி, நேர்த்திக்கடன்னு பூராவும் சொன்னேனுங்களே. உங்களுக்கு வெளங்கலீங்களா?"

"அதெல்லாம் வெளங்குச்சும்மா. நான் தாராபுரம் பக்கம்தான். எங்கம்மாவே எனக்காக மடிப்பிச்சை எடுத்திருக்காங்க, சின்னதுல எனக்குக் காய்ச்சல் வந்தப்ப. ஆனா அதை அப்படியே போட்டா யாரும்மா பாப்பாங்க?"

தெரியும். அவனுக்குத் தெரியும். எங்கேயோ ஒரு வாசலில் இவனுக்காக ஒருத்தி மஞ்சள் சேலையில் நின்றிருக்கிறாள், அது தெரிந்தே இவன் செய்திருக்கிறான். தயாராக வைத்திருந்த மன்னிப்பை என்ன செய்வதென்று பழனாத்தாளுக்குத் தெரியவில்லை. சாணியை மிதித்தால்கூடக் காலைக் கழுவிக்கொள்ளலாம். இவனோடு நின்று மரியாதையாகப் பேசிய வாயை எதை ஊற்றிக் கழுவுவது?

அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான். கவலைப்படாதீங்க, பார்ட் டூ போட்டுவிடலாம், உண்மை என்ன என்று. தம்பியை ஒரு சேரில் உட்கார வைப்போம். முதலில் ஒரு தொப்பி போட்டுக் காட்டுவோம். நீங்கள் பக்கத்தில் நின்று அந்தத் தொப்பியை மெதுவாகக் கழற்றுங்கள். எலும்பு எடுத்த பள்ளம் தெரிகிற இடத்தில் பாட்டை நிறுத்திவிடுவேன். இருபது லட்சம் நிச்சயம், மக்கள் அழுதுவிடுவார்கள். திட்டினவர்களே வந்து மன்னிப்புக் கேட்பார்கள் பாருங்கள்.

"அழி," என்றாள் பழனாத்தாள்.

அந்த ஒற்றை வார்த்தையில் பக்கத்துக் கடைக்காரர் அளக்கிற நாடாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கறிவேப்பிலைக்காரியையும் பிச்சைக்காரனையும் 'வாங்க, போங்க' என்கிறவள் அவள். முப்பது வருஷமாகப் பார்க்கிறவர்கள் ஒருத்தரும் அவள் வாயில் இப்படி ஒரு சொல்லைக் கேட்டதில்லை.

அதில் வருமானம் வருகிறதம்மா, அழிக்க முடியாது என்றான். அதற்குள் சந்தில் ஆள் சேர்ந்துவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள், கடைப் பையன்கள், ராஜஸ்தானிலிருந்து சரக்கெடுக்க வந்த இரண்டு சேட்டுகள். இவன்தானா அந்த நாய் என்று யாரோ கேட்டார்கள். யாரும் கை வைக்கவில்லை. பத்துப் பதினைந்து போன்கள் மட்டும் மேலே எழும்பி அவன் முகத்துக்கு நேராக நின்றன. மூஞ்சியத் தெளிவாப் புடிங்க, இவனப் பெத்தவளும் பாக்கட்டும் என்று ஒருவர் சொன்னார்.

அப்போது பார்க்க வேண்டுமே அந்த வீரனை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். கேட்காம எடுக்காதீங்க ப்ரோ, பர்மிஷன் இல்லாம எடுக்காதீங்க என்று கெஞ்சினான். ஊர் ஊராகப் போய் ஆயிரம் முகத்தை விற்றவனுக்குத் தன் முகம் மட்டும் அத்தனை அருமை. கேட்டவர்கள் சிரித்துவிட்டார்கள். பழனாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பூச்சியைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள். ஆனால் பெற்றவளும் பார்க்கட்டும் என்ற சொல் அவளைச் சுட்டது. நாளைக்குத் தாராபுரம் பக்கத்தில் ஒருத்தி இதைப் பார்ப்பாள். அவள் பிள்ளைக்குக் கீழேயும் நாசமாப் போவான் என்று எழுத்துகள் ஓடும். அது எப்படி இருக்கும் என்பது பழனாத்தாளுக்கு நாலு நாளாகத் தெரியும்.

"போனை உள்ள வெய்யிங்க சாமி," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "இவனுக்காக இல்லீங்க. இவனப் பெத்தவளும் மடியேந்துனவ. அவ கண்ணுல இது பட வேண்டாம்."

ஒவ்வொரு போனாக இறங்கியது. அவன் அந்தப் படத்தைத் தேடி எடுத்து, அவள் கண்ணெதிரே அழித்தான். வெட்கத்தில் அழிக்கவில்லை, அடி விழும் என்ற பயத்தில் அழித்தான். அது அவளுக்கும் தெரிந்தது. என் உழைப்பெல்லாம் போச்சு என்று முனகிக்கொண்டே குச்சியை மடக்கினான். அதையும் உழைப்பு என்றான். பழனாத்தாள் திரும்பி நடந்துவிட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. செவ்வாய்க்கிழமை சீனியம்மாள் மறுபடியும் போனோடு வந்து நின்றாள். அவனிடமிருந்து திருடி வேறு மூன்று பேர் போட்டிருந்தார்கள். ஒருத்தன் செய்தி மாதிரி மேலே சிவப்புப் பட்டை கட்டியிருந்தான். இன்னொருத்தன், இந்த மகனைக் கண்டுபிடிக்கும் வரை ஷேர் செய்யுங்கள் என்று எழுதியிருந்தான். திருட்டுப் பயலிடமே திருடிப் பிழைக்கிற பயல்கள். சாபங்கள் புதிதாக முளைத்துக்கொண்டிருந்தன. அப்படியே எல்லாவற்றையும் துடைத்தாலும், இத்தனை பேர் மனதுக்குள் போட்டு வைத்திருப்பதை எந்தப் பட்டனை அமுக்கி அழிக்கிறது? இனி யாரிடமும் கேட்க முடியாது என்று பழனாத்தாளுக்குப் புரிந்தது. பூஜை அறைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

பதினேழாம் தேதி கோயம்புத்தூரில் சேர்த்தார்கள். பதினெட்டு காலை ஆறரைக்கு ஒரு நர்ஸ் வந்தாள். முப்பது வயது இருக்கும், சட்டையில் அனுசுயா என்று பெயர். பேச்சு தெற்கத்திப் பேச்சு. பழனாத்தாளைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, ஏதும் சாப்ட்டியளாம்மா என்று கேட்டு, தன் டப்பாவிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்துக் கையில் திணித்தாள். எழுந்தால் மயக்கம் வரும், இப்படியே இருங்க என்றாள். சொந்த மகள்கூட அப்படிக் கவனிக்க மாட்டாள்.

வேல்குமாரிடம் திரும்பியபோது அவள் வேறு ஆளாக இருந்தாள். தலையைச் சிரைக்க வேண்டும். தொப்பியை அவனைக் கேட்காமலே பிடுங்கினாள். ஆட்டாத என்று ஒரு அதட்டல். அவன் சரிங்க சிஸ்டர் என்றதற்குப் பதிலே இல்லை. வேலையில் குறை வைக்கவில்லை, பள்ளத்தைச் சுற்றிக் கவனமாகத்தான் மழித்தாள். ஆனால் தொடக் கூடாத எதையோ தொடுகிற மாதிரி அவள் விரல்கள் சுருங்கியிருந்தன. கண் ஒரு முறைகூட அவன் முகத்துக்குப் போகவில்லை. வேல்குமாருக்குப் புரிந்துவிட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பழனாத்தாளுக்கும் புரிந்தது. இந்த முகத்தைத்தான் இத்தனை நாளாக எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது அது பையன் தலைமாட்டில் கையில் கத்தியோடு நிற்கிறது.

எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றாள். "ஏங்கண்ணு, என்ற பையன் மேல என்ன கோவமுங்க?"

நர்ஸ் கத்தியை அலசினாள். பிறகு தணிந்த குரலில், உங்கள போன்ல பாத்தேம்மா என்றாள். எனக்கு அம்மா இல்ல, இருந்தா இப்படி விடுவனா என்று நினைத்து ரெண்டு நாள் தூங்கவில்லையாம்.

பழனாத்தாள் சொன்னாள். வீரபாண்டியில் அவனுக்குச் சொன்ன அதே கதையை, அதே வரிசையில். லாரி, பதினாறு நாள், படிக்கட்டு, வேண்டுதல். அந்தப் படிக்கட்டு இந்த ஆஸ்பத்திரிப் படிக்கட்டுதான் என்றபோது நர்ஸின் கை நின்றது. அவன் படுத்துக் கிடந்தது இதோ இந்தத் தலையோடுதான், நான் பிச்சை எடுத்தது இந்தத் தலைக்காகத்தான் என்றாள். அனுசுயா அப்போதுதான் வேல்குமாரின் முகத்தைப் பார்த்தாள். கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு இரண்டு கையையும் ஏப்ரனில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நானும் ஏசி எழுதுனேம்மா," என்றாள்.

"என்னன்னு எழுதுனீங்க?"

பழனாத்தாள் காத்திருந்தாள். மழித்த தலை வெளிச்சத்தில் பளபளத்தது. அந்தப் பள்ளத்துக்குள் தோல் மூச்சுக்கு மூச்சு மெல்ல ஏறி இறங்கியது.

"அவன் தலையில இடி விழணும்னு."

வெளியே தள்ளுவண்டி வரும் சத்தம் கேட்டது. இரண்டு ஆள் உள்ளே வந்து வேல்குமாரைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். தியேட்டரில் டாக்டர் வந்துவிட்டார், சீக்கிரம் என்றார்கள். வண்டி நகரவில்லை. பழனாத்தாள் அதன் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடுங்கம்மா, நேரமாகுது என்று ஆள் இழுத்தான். அவள் பிடியை இறுக்கினாள். நஞ்சப்பன் வந்து தோளைத் தொட்டார். அவரையும் அவள் பார்க்கவில்லை, நர்ஸைத்தான் பார்த்தாள்.

"அந்த வார்த்தையத் திரும்ப எடுத்துக்கங்க கண்ணு. எங்கிட்ட வேண்டாம், அவங்கிட்டச் சொல்லுங்க. அப்பறமேலு கூட்டிட்டுப் போங்க."

மன்னிச்சிருங்கம்மா என்று அவள் காலைத் தொடக் குனிந்தாள் அனுசுயா. பழனாத்தாள் காலை இழுத்துக்கொண்டாள். மன்னிப்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? வண்டியின் தலைமாட்டைக் காட்டினாள். அனுசுயா அங்கே போய்க் குனிந்து, அழுகையை விழுங்கிக்கொண்டு, சற்றுமுன் தொடக் கூசிய அந்தத் தலையில் உள்ளங்கையை முழுக்க வைத்தாள்.

"நான் சொன்னது எல்லாத்தையும் எடுத்துக்கிட்டேன் தம்பி. நீங்க நல்லாயிருக்கணும். நூறு வருசம் இருக்கணும்."

வேல்குமார் கண்ணைத் திறந்து, சரிங்க சிஸ்டர் என்றான்.

பழனாத்தாள் கம்பியை விட்டாள். வண்டி உருண்டு போய்க் கதவுக்குப் பின்னால் மறைந்தது. பின்னோடு போன அனுசுயாவின் கை அப்போதும் அவன் தலையில்தான் இருந்தது. நஞ்சப்பன் என்ன நடந்தது என்று புரியாமல் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, காலி முந்தானையை மடியில் விரித்து நீவிவிட்டுக்கொண்டாள்.

"ஒண்ணைத் திருப்பி வாங்கிட்டேனுங்க," என்றாள். "இன்னும் பதினோராயிரம் இருக்குது."